பிரெஞ்சு பிரஸ்ஸில் ஈ. கோலை செல்களை உடைக்கும் முறை

எஃகு உருளைக்குள் இருக்கும் ஈ. கோலை பாக்டீரியாவின் செல் கரைசலைப் பிஸ்டனால் அழுத்தி, ஊசி வால்வின் மிகக் குறுகிய இடுக்கு வழியே சொட்டவிடுவதுதான் இந்தக் கருவியின் வேலை. உருளைக்குள் அழுத்தத்தில் இருக்கும்வரை செல்கள் பெரும்பாலும் முழுசாகவே இருக்கும். உடைவது அந்த இடுக்கைத் தாண்டும் நொடியில்தான். ஆகவே முழுக் கவனமும் வால்வைத் திருப்பும் கையில் இருக்கட்டும். (கருவியை உருவாக்கியவர் அமெரிக்க அறிவியலாளர் சார்லஸ் ஸ்டேசி ஃபிரெஞ்ச்; பெயர் அவருடையது, நாட்டினுடையது அல்ல.)

முந்தைய இரவே உருளையை 4 டிகிரி அறையில் வைத்துவிடுங்கள். 16,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் விடுபடும்போது கரைசல் ஏறக்குறைய 26 டிகிரி சூடேறும். உருளையும் சூடாக இருந்தால் செல்லிலிருந்து எடுக்கவேண்டிய புரதம் கெடும். சேகரிக்கும் குழாயும் பனிக்கட்டியில் இருக்க வேண்டும்.

ஈர எடையில் 1 கிராம் செல்லுக்கு 4 மில்லி பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) போதும். கட்டி இல்லாமல் கரையுங்கள். ஒரு சிறு கட்டி வால்வை அடைத்துவிடும். டிஎன்ஏஸ் (டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதி) சேர்த்தால், அது வேலை செய்ய 5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடும் சேருங்கள்; மெக்னீசியத்தைப் பிடித்துவைக்கும் ஈடிடிஏ வேண்டாம். புரதத்தை அறுக்கும் நொதிகளைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் சீக்கிரம் சிதையும் என்பதால் கடைசியில்தான் சேர்க்க வேண்டும்.

ஓ-வளையங்களில் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) கிளிசரின் தடவி, பிஸ்டனைக் குறியீட்டுக் கோடு வரை செருகி, உருளையைக் கவிழ்த்துக் கரைசலை ஊற்றுங்கள். காற்றுக்குமிழ் தங்கக்கூடாது. தங்கினால் வால்வில் பீச்சியடிக்கும். மூடியபின் வால்வை விரல் பலத்துக்கு மட்டும் இறுக்குங்கள்; அதற்குமேல் முறுக்கினால் அதன் இருக்கை தேய்ந்து, பிறகு அழுத்தமே நிற்காது.

மானி காட்டுவது பிஸ்டனைத் தள்ளும் இயந்திரத்தில் உள்ள எண்ணெயின் அழுத்தம், உருளைக்குள் இருப்பது அல்ல. கருவியோடு வந்த அட்டவணையைப் பாருங்கள். சிறிய உருளைக்கு மாறும்போது பழைய மானி அளவையே வைப்பது ஆபத்து: பிஸ்டன் சிறியதானால் அதே விசைக்கு உள்ளழுத்தம் பல மடங்காகும்.

உருளைக்குள் 16,000 பிஎஸ்ஐ வந்ததும் வால்வை மயிரிழை அளவு திறந்து, நொடிக்கு ஒரு சொட்டு வீதம் விடுங்கள். தாரையாக ஓடினால் அழுத்தம் இறங்கி, உடையாத செல்களே வெளியே வரும். பிஸ்டன் அடிக்கோட்டை எட்டுமுன் நிறுத்துங்கள். பால் போன்ற கலங்கல், கரைசலை இரண்டாவது தடவை கருவியில் செலுத்தும்போது ஒளி ஊடுருவும் தேன்நிறமாகும். மூக்குச்சளி போல இழுத்தால் டிஎன்ஏ இன்னும் சிதையவில்லை என்று பொருள். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். நோய்க்கிருமிகளைத் திறந்த அறையில் உடைக்கவே கூடாது, நுண்துளி பறக்கும்.

முடிந்த கையோடு வால்வைக் கழற்றிக் கழுவுங்கள். புரதம் உள்ளே காய்ந்தால் அடுத்த முறை சொட்டு வராது.