எம்.எஸ். நோய்க்கான ஊசி மருந்து: கை பழகிய பின் நேரும் தவறுகள்

உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் எம்.எஸ். நோய்க்கு வீட்டிலேயே போட்டுக்கொள்ளக்கூடிய ஊசி மருந்துகள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் உள்ளன. இன்டர்ஃபெரான் பீட்டா-1பி 1993-லும், இன்டர்ஃபெரான் பீட்டா-1ஏ, கிளாட்டிராமர் அசிடேட் ஆகிய இரண்டும் 1996-லும், ஆஃபாட்டுமுமாப் 2020-லும் இந்நோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றன. செவிலியர் அருகிலிருந்து கற்றுத்தரும் முதல் சில வாரங்களில் யாரும் பெரிதாகத் தவறு செய்வதில்லை. பயமே அவர்களைக் கவனமாக வைத்திருக்கிறது. பயம் தெளிந்து, மருந்துடன் வந்த கையேடு எங்கோ அலமாரிக்குள் போய், ஊசி போடுவது பல் துலக்குவதைப் போல அன்றாட வேலையாகிவிட்ட பிறகுதான் தவறுகள் ஒவ்வொன்றாக நுழைகின்றன. சில பக்கவிளைவுகளும் மாதங்கள் கழித்தே தலைகாட்டுவதால், பழகிய காலத்துக் கவனக்குறைவு இரட்டிப்பு ஆபத்தாகிறது.

பலர் எம்.எஸ். ஊசிகள் அனைத்தையும் ஒன்றாகக் கருதி, ஒரு மருந்துக்கான முறையை இன்னொன்றுக்குப் பயன்படுத்துகிறார்கள். உண்மையில் இவை வேதியியலிலும், போடும் ஆழத்திலும், இடைவெளியிலும் வேறுபட்டவை. கிளாட்டிராமரில் 20 மில்லிகிராம் ஊசி தினமும் போடப்படுவது. 40 மில்லிகிராம் ஊசி வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே குறைந்தது 48 மணி நேரம் விட்டுப் போடப்படுவது. ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிப் போடக் கூடாது. 20 மில்லிகிராம் ஊசிகள் இரண்டைச் சேர்த்து 40 என்று கணக்குப் பார்ப்பதும் தவறு. இன்டர்ஃபெரான் பீட்டா-1ஏ மருந்திலேயே ஒருவகை வாரம் ஒருமுறை தசைக்குள் செலுத்தப்படுகிறது, மற்றொருவகை வாரம் மூன்று முறை தோலுக்கு அடியில் செலுத்தப்படுகிறது. கிளாட்டிராமரின் மருந்து நிரப்பிய ஊசியில் சிறு காற்றுக்குமிழ் தெரிந்தால் அதை வெளியேற்ற முயலக் கூடாது. முயன்றால் குமிழோடு மருந்தும் சொட்டிவிடும். தூளைக் கரைத்துத் தயாரிக்கும் இன்டர்ஃபெரான் பீட்டா-1பியில் குமிழை வெளியேற்றுவதே முறை. அதுபோலவே, ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது என்கிறது கிளாட்டிராமர் கையேடு. சில இன்டர்ஃபெரான் கையேடுகளோ உலர்ந்த பஞ்சால் மெல்லத் தடவிவிடச் சொல்கின்றன. ஆகவே இன்னொரு நோயாளி நல்லெண்ணத்தோடு சொல்லும் யோசனைகூட உங்கள் மருந்துக்குப் பொருந்தாமல் போகலாம்.

மருந்தைச் சேமிப்பதில் வெப்பத்துக்கு அஞ்சுபவர்கள் உறைதலை மறந்துவிடுகிறார்கள். இம்மருந்துகளில் பெரும்பாலானவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில், வெளிச்சம் படாமல், அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் உறைவிப்பான் அறையை ஒட்டிய தட்டிலும், பயணப் பையில் உறைந்த பனிக்கட்டிப் பொட்டலத்தோடு நேரடியாக ஒட்டியும் வைக்கப்படும் ஊசி உறைந்துபோகலாம். உறைந்த மருந்து மீண்டும் உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. விமானத்தில் சரக்கோடு அனுப்பாமல் கைப்பையில் எடுத்துச் செல்லச் சொல்வதும் இதனால்தான். வெளியில் எத்தனை நாள் இருக்கலாம் என்பதும் மருந்துக்கு மருந்து மாறும்: கிளாட்டிராமர் அறை வெப்பத்தில் ஒரு மாதம் வரை தாங்கும், ஆஃபாட்டுமுமாப் 30 டிகிரிக்கு மேற்படாத வெப்பத்தில் 7 நாள் வரைதான். வெளியே எடுத்த தேதியைப் பெட்டியின் மேலேயே எழுதிவைப்பது நினைவை நம்புவதைவிடப் பாதுகாப்பானது. போடுவதற்கு முன் கிளாட்டிராமரைச் சுமார் 20 நிமிடம் வெளியே வைத்திருந்தால் குளிர்ந்த மருந்தால் வரும் எரிச்சல் குறையும். அவசரத்தில் வெந்நீரிலோ மைக்ரோவேவ் அடுப்பிலோ சூடாக்குவது மருந்தையே கெடுத்துவிடும்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்துவதே மிகப் பரவலான தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. கைக்கு எட்டுகிறது, கண்ணுக்குத் தெரிகிறது, அங்கே வலி குறைவு என்ற காரணங்களால் பலர் தொடையின் முன்புறத்தில் ஒரு சாண் அகலத்துக்குள்ளேயே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பார்கள். முதலில் சிவப்பும் தடிப்பும் வரும், பிறகு தோல் இறுகும், அதன்பின் அடியில் இருக்கும் கொழுப்பு கரைந்து விரல் நுனி பதியும் அளவுக்குக் குழி விழும். கிளாட்டிராமரால் வரும் இந்தக் குழிகள் நிரந்தரமானவை என்றே கருதப்படுகின்றன. அவற்றைச் சரிசெய்யும் மருந்து இல்லை. அந்த இடம் மரத்துப்போவதால் வலி குறைந்து, வலி குறைவதால் மீண்டும் அங்கேயே போடத் தோன்றுவதுதான் இதில் உள்ள கண்ணி. வயிறு, இரு தொடைகள், இரு மேற்கைகளின் பின்புறங்கள், இடுப்பின் பின்பகுதிகள் என்று இடங்களைப் பிரித்து, ஒரு தாளில் உடலின் கோட்டுப்படம் வரைந்து, போட்ட நாளை அந்தந்த இடத்தில் குறித்துவந்தால் ஒரே புள்ளிக்கு ஒரு வாரத்துக்குள் திரும்பாமல் பார்த்துக்கொள்ளலாம். தொப்புளைச் சுற்றி 5 சென்டிமீட்டரைத் தவிர்க்க வேண்டும். சிவந்த, கன்றிய, குழிந்த, தழும்புள்ள இடங்களில் போடக் கூடாது. தோல் கருநீலமாகி, புண்ணாகி, நீர் வடிந்தால் அது திசு அழுகலின் அறிகுறியாக இருக்கலாம். இன்டர்ஃபெரான்களில் இது அறியப்பட்ட விளைவு என்பதால் அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஊசி போட்ட சில நிமிடங்களில் முகம் சிவந்து, நெஞ்சு இறுகி, படபடப்பும் மூச்சுத்திணறலும் வருவது கிளாட்டிராமரில் தெரிந்த விளைவு. 20 மில்லிகிராம் அளவின் சோதனைகளில் சுமார் 16 சதவீத நோயாளிகளுக்கு அது நேர்ந்தது. பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். “இது வந்து போவதுதான்” என்று சொல்லிக் கேட்டுப் பழகியவர்கள் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையையும் அதே கணக்கில் சேர்த்துவிடும் அபாயம் இருக்கிறது. இந்த மருந்தால் வரும் கடும் ஒவ்வாமை குறித்து அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் அதன் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்க்கச் செய்தது. பெரும்பாலும் ஊசி போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வரும் அது, முதல் ஊசியிலும் வரலாம், பல ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இல்லாமல் போட்ட பிறகும் வரலாம். அறிகுறிகள் குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, உடலெங்கும் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், மூச்சிரைப்பு, மயக்கம் தோன்றினாலோ காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். அதற்குப் பின் மருத்துவர் சொல்லாமல் அடுத்த ஊசியைத் தொடக் கூடாது. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் போட்டுவிட்டு உடனே வெளியே கிளம்பும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

இன்டர்ஃபெரானின் தொல்லை வேறு வகை. போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சல், குளிர்நடுக்கம், உடல்வலி வரும் என்பதால் பலர் அதை இரவில் போட்டுக்கொள்கிறார்கள். அது சரியான வழிதான். ஆரம்ப வாரங்களில் அளவைப் படிப்படியாக உயர்த்தும் அட்டவணையைத் தாண்டி முழு அளவுக்குப் பாய்வதுதான் தவறு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எடுப்பவர்கள், சளி மாத்திரைகளுக்குள்ளும் அது இருப்பதை மறந்து இருமடங்கு எடுத்துவிடுகிறார்கள். இன்டர்ஃபெரானே ஈரலைப் பாதிக்கக்கூடியது என்பதால், மருத்துவர் குறித்த அளவை மீறுவது இங்கே கூடுதல் சுமை. ஈரல், ரத்த அணுப் பரிசோதனைகளை “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது” என்று தள்ளிப்போடுவதும் தவறு. ஈரல் நொதிகள் உயர்வது பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. உடல் சூடேறும்போது பழைய எம்.எஸ். அறிகுறிகள் தற்காலிகமாகத் தலைதூக்கும் என்பதால், ஊசிக்காய்ச்சலில் கால் தளர்வதைப் புதிய தாக்குதலாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. காய்ச்சல் இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் புதிய அறிகுறியைத்தான் உடனே தெரிவிக்க வேண்டும். மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் இம்மருந்தின் எச்சரிக்கைகளில் இடம்பெற்றவை. நோயினால் வரும் சோகம் என்று குடும்பத்தினர் அதை ஒதுக்கிவிடக் கூடாது.

ஆஃபாட்டுமுமாப் நோயெதிர்ப்புச் சக்தியின் பி-அணுக்களைக் குறைக்கும் மருந்து. தொடங்குமுன் ஹெப்பட்டைட்டிஸ் பி பரிசோதனை கட்டாயம். உயிருள்ள தடுப்பூசிகள் (பலவீனப்படுத்திய உயிருள்ள கிருமியால் ஆனவை) தேவைப்பட்டால் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே போட்டு முடித்திருக்க வேண்டும். காய்ச்சலும் இருமலும் இருக்கும் நாளில், மாதத் தேதி வந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஊசியை எடுக்காமல் மருத்துவரைக் கேட்பதே சரி.

தவறிய ஊசிக்கு ஈடாக இரண்டைச் சேர்த்துப் போடுவது எந்த மருந்துக்கும் கூடாது. நினைவுக்கு வந்ததும் போட்டு, அங்கிருந்து இடைவெளியைக் கணக்கிட வேண்டும்: நாள் விட்டு நாள் போடும் இன்டர்ஃபெரான் பீட்டா-1பியில் அடுத்தது 48 மணி நேரம் கழித்து, இரு வாரத்துக்கு ஒருமுறை போடும் பெக்இன்டர்ஃபெரானில் இரண்டு ஊசிகளுக்கு இடையே 7 நாளுக்குக் குறையாமல். ஊசி போட்டும் கால் மரத்தல் குறையவில்லை என்று தாமாக நிறுத்துபவர்களும் உண்டு. இம்மருந்துகள் இருக்கும் அறிகுறியைப் போக்குவதற்கானவை அல்ல, வரவிருக்கும் தாக்குதல்களைக் குறைப்பதற்கானவை; எனவே எதுவும் நிகழாத ஆண்டு என்பது மருந்து வேலை செய்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும், கருவுற்றது தெரியவந்தவர்களும் நிறுத்துவதா தொடர்வதா என்பதை மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

மருந்தகத்தில் வேறு நிறுவனத்தின் ஊசி கிடைத்தால், ஊசி போட உதவும் பழைய தானியங்கிக் கருவியில் அதைப் பொருத்திப் பார்க்கும் முன் இரண்டும் ஒத்துவருமா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். பொருந்தாத கருவி மருந்தைப் பாதியிலேயே நிறுத்திவிடலாம், எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாமல், துளையிட முடியாத தடித்த பெட்டியில் உடனே போட்டு, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, முக்கால் பங்கு நிறைந்ததும் மருத்துவக் கழிவாக ஒப்படைக்க வேண்டும்.