உலக அமைப்பில் பொறுப்புக்குப் போட்டியிடும் டாக்டர்களுக்கு

சேலத்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சர்வதேச அவசர மருத்துவக் கூட்டமைப்பில் பொறுப்புக்கு வர ஆசையா? நேராக அங்கே விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். அது, பெயரே சொல்வதுபோல, பல நாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு. ஆகவே முதலில் அதில் இடம்பெற்ற இந்திய அவசர மருத்துவச் சங்கத்தில் உறுப்பினராகி, ஏதாவது ஒரு குழுவில் இரண்டு வருடமாவது வேலை செய்யுங்கள். அந்தச் சங்கத்திடம் ஆதரவுக் கடிதம் கேட்க அப்போதுதான் வாய் வரும்.

அப்புறம், விண்ணப்பத்தில் உங்களைப் பற்றி எழுதும் அந்த ஒரு பக்க அறிமுகம். பலர் சறுக்குவது இங்கேதான். ‘அவசர மருத்துவத்தை மேம்படுத்த விழைகிறேன்’ என்று எழுதினால் நூறோடு நூற்றியொன்று. அதற்குப் பதில் ஏற்காடு மலைப்பாதையை எழுதுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு, பனிமூட்டமான ராத்திரி, வேன் கவிழ்ந்து ஆறு பேர் ஒரே நேரத்தில் வந்து இறங்குகிறார்கள். யாரை முதலில் பார்ப்பது என்று சிவப்பு, மஞ்சள், பச்சை அட்டை கட்டிப் பிரிக்க நர்ஸ்களுக்கு நீங்கள் எப்படிப் பழக்கினீர்கள், முன்பு எங்கே தடுமாறினீர்கள், அதை எழுதுங்கள். நேபாளத்தில் உட்கார்ந்து படிப்பவருக்கும் மலைச்சாலை தெரியும்.

இன்னொன்று, கூட்டமைப்பின் ஆன்லைன் கூட்டங்கள். லண்டனில் மாலை ஆறு என்றால் நமக்கு, அங்கே கோடையில் ராத்திரி பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. டூட்டி பட்டியல் போடுபவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். வீட்டிலும்தான்.