5.0 ரேட்டிங் இருந்தும் கடை கீழே கிடப்பது ஏன்?

"எனக்கு 5.0, பக்கத்துக் கடைக்கு 4.6தான், ஆனா அவங்கதான் மேலே வர்றாங்க." கூகுள் மேப்ஸ் மாதிரி தளங்களில் தேடினால் வரும் பட்டியலைப் பார்த்து, கடை நடத்துகிற பலர் புலம்புவது இது. வெறும் சராசரியை வைத்துத்தான் வரிசை போடுகிறார்கள் என்று நினைப்பதுதான் இங்கே அடிப்படைத் தவறு.

மூன்று பேர் 5 கொடுத்தால் அது கடையின் தரமா, முதலாளியின் மச்சான்களா என்று எந்தத் தளத்துக்கும் தெரியாது. அதனால் எல்லாக் கடைக்கும் கற்பனையாகக் கொஞ்சம் நடுத்தர மதிப்பெண்களைச் சேர்த்துவிட்டுக் கணக்குப் போடும் முறை ஒன்று உண்டு. ஆளுக்கு 4 வீதம் 20 பேர் ஏற்கெனவே போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றே ரிவ்யூ, மூன்றும் 5 என்றால், 95-ஐ 23ஆல் வகுத்து 4.13. சராசரி 4.6-உடன் 200 ரிவ்யூ வைத்திருக்கும் கடைக்கு 1000-ஐ 220ஆல் வகுத்து 4.55. சினிமா ரேட்டிங் தளமான ஐஎம்டிபி தன் டாப் 250 படங்களுக்கு வெளியிட்ட சூத்திரமும் இந்த வகைதான்.

கூகுள் மேப்ஸ் தன் சூத்திரத்தை முழுசாகச் சொல்வதில்லை. தேடியதற்குப் பொருத்தம், தூரம், கடை எவ்வளவு பிரபலம் ஆகியவற்றைப் பார்ப்பதாகவும், ரிவ்யூ எண்ணிக்கையும் ரேட்டிங்கும் மூன்றாவதில் சேரும் என்றும் மட்டும் சொல்கிறது. ஆக, வேளச்சேரியில் நின்று 'ஏசி சர்வீஸ்' தேடுகிறவருக்குத் தாம்பரத்துக் கடை மேலே வரவில்லை என்றால் ரிவ்யூவைத் திட்டிப் பயனில்லை.

சரி, எண்ணிக்கைதானே என்று வாட்ஸ்அப் குரூப்பில் சொந்தக்காரர்களைத் திரட்டி ஒரே ராத்திரியில் 40 ரிவ்யூ ஏற்றுவது அடுத்த தவறு. பில் கவுண்டரில் '5 ஸ்டார் போட்டால் 10 சதவீதம் தள்ளுபடி' என்று அட்டை ஒட்டுவதும், முகம் மலர்ந்து போகிறவருக்கு மட்டும் லிங்க் அனுப்பிவிட்டுக் கோபமாகப் போகிறவரை நைசாக விட்டுவிடுவதும்கூட கூகுள் விதிப்படி மீறல்தான். பிடிபட்டால் ரிவ்யூக்கள் போவதோடு, கொஞ்ச காலம் புதிதாக எதுவும் வராதபடி பூட்டியும் விடலாம். அமெரிக்க ரிவ்யூ தளமான யெல்ப் இன்னும் கறார், ரிவ்யூ கேட்கவே வேண்டாம் என்கிறது. ஏமாற்றி மேலே போனவர் இல்லையா என்றால், இருக்கிறார்: 2017இல் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர் தன் வீட்டுக் கொட்டகையை உணவகமாகப் பதிந்து, போலி ரிவ்யூக்களை வைத்தே டிரிப்அட்வைசர் என்ற பயண ரிவ்யூ தளத்தில் லண்டன் உணவகங்களில் முதலிடத்துக்கு ஏற்றிக் காட்டினார். அவர் செய்தது குறும்பு, நமக்கு நாளைக்கும் கடை திறக்க வேண்டுமே!

ஒரு ஸ்டார் வந்ததும் 'நீ போட்டிக் கடை ஆள்' என்று பதில் போடுவதை விடுங்கள், அதை அடுத்த வாடிக்கையாளரும் படிப்பார். பில் தேதியைக் கேட்டு, என்ன செய்தோம் என்று இரண்டு வரி எழுதினால் போதும். பழைய ரிவ்யூக்களை நம்பி உட்கார்ந்திருப்பதும் ஆகாது, டிரிப்அட்வைசர் புதியவற்றுக்குத்தான் அதிக எடை தருகிறது.

அப்புறம், ஜஸ்ட்டயல் மாதிரி இடங்களில் காசு கட்டியவர் முன்னால் வருவது தனிக் கணக்கு. சந்தா விற்க வருகிறவரிடம், காட்டுகிற இடம் பணத்துக்கா ரேட்டிங்குக்கா என்று நேராகவே கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.