வின்டோஸைத் திரும்பப் போடும்போது லைசன்ஸைத் தவறவிடாதீர்கள்

கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு லப்டொப் இழுபட்டு வேலை செய்யத் தொடங்கினால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஃபோர்மற் அடிச்சாச் சரி." காலையில் கடையில் கொடுத்தால் பின்னேரம் எடுக்கலாம். திறந்து பார்த்தால் எல்லாம் புதுசாக, வேகமாக இருக்கும். ஆனால் அந்த இடைநேரத்தில் கனபேர் கவனிக்காத ஒரு இழப்பு நடந்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய உண்மையான லைசன்ஸ் மெஷினுக்குள்ளேயே கிடக்க, அதைத் தொடாமல் கிராக் பண்ணிய, அதாவது லைசன்ஸ் பூட்டை உடைத்துக் களவாக ஓடவிட்ட, வேறொரு வின்டோஸ் மேலே ஏறிவிடுகிறது. பிள்ளையின் படிப்புக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய லப்டொப்பில் இப்படி நடப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் லைசன்ஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது ஹாட்டிஸ்கில் இல்லை. 2012இல் வின்டோஸ் 8 வந்ததிலிருந்து, வின்டோஸோடு விற்கப்படும் கம்பனி லப்டொப்களில் லைசன்ஸின் 25 எழுத்துக் கீ, மெஷினைத் தொடக்கிவைக்கும் புரோகிராம் இருக்கும் மதர்போர்டின் பயோஸ் சிப்பிலேயே எழுதப்பட்டு வருகிறது. அதோடு, வின்டோஸ் 10 அல்லது 11 ஒரு மெஷினில் ஒருமுறை முறையாக அக்டிவேற் ஆனால், அதாவது லைசன்ஸ் உண்மையானது என்று மைக்ரோசொஃப்ட் உறுதிசெய்தால், அந்த மெஷினின் அடையாளம் மைக்ரோசொஃப்டின் சேர்வரில் பதிவாகிவிடும். இதைத்தான் டிஜிட்டல் லைசன்ஸ் என்கிறார்கள். ஆகவே ஹாட்டிஸ்கை முழுதாக அழித்தாலும், அதைக் கழற்றி வேகமான எஸ்.எஸ்.டி டிஸ்க் போட்டாலும் லைசன்ஸ் போகாது. அதே பதிப்பைப் போட்டு இன்ரர்நெற் கொடுத்தால் தானாகவே அக்டிவேற் ஆகும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. விலை குறைவென்று வின்டோஸ் இல்லாமல், டொஸ் என்ற பழைய எழுத்துத் திரை இயங்குதளம் மட்டும் போட்டு விற்கும் லப்டொப்களும் எங்கள் பக்கம் நிறைய வருகின்றன. அவற்றில் கீ இருக்காது. வாங்கிய பில்லை எடுத்துப் பாருங்கள், அதில் எழுதியிருக்கும்.

பெரும்பாலானவர்கள் விடும் முதல் தவறு, பார்க்காமல் அழிப்பது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே செட்டிங்ஸைத் திறந்து அக்டிவேஷன் பக்கத்துக்குப் போங்கள். வின்டோஸ் 11இல் அது சிஸ்டம் என்பதற்குக் கீழே இருக்கும்; 10இல் அப்டேற் அன்ட் செக்யூரிட்டிக்குக் கீழே. அங்கே இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, பதிப்பின் பெயர்: ஹோமா, ஹோம் சிங்கிள் லாங்குவேஜா, ப்ரோவா. மற்றது, எப்படி அக்டிவேற் ஆகியிருக்கிறது என்ற வரி. டிஜிட்டல் லைசன்ஸ் என்று இருந்தால் நல்லது. மைக்ரோசொஃப்ட் எக்கவுண்டோடு இணைக்கப்பட்டது என்றும் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டு லப்டொப் ஒன்றில் "உங்கள் நிறுவனத்தின் அக்டிவேஷன் சேவை மூலம்" என்ற பொருளில் ஆங்கில வரி இருந்தால், அநேகமாக யாரோ ஏற்கெனவே கிராக் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை அப்படியே போனில் படம் எடுத்து வையுங்கள்.

அதே நேரத்தில் இன்னொன்றையும் எடுத்து வைக்க வேண்டும். புதிய லப்டொப்களில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். அப்படிப் பூட்டும் பிட்லொக்கர் என்ற வின்டோஸ் வசதியின் 48 இலக்க மீட்புக் கீ உங்கள் மைக்ரோசொஃப்ட் எக்கவுண்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் பயோஸில் கைவைத்தாலோ மதர்போர்ட் மாறினாலோ படங்களும் பாடக்குறிப்புகளும் உள்ளேயே பூட்டுப்பட்டுப் போகும். லைசன்ஸைத் திரும்ப வாங்கலாம், அவற்றை வாங்க முடியாது.

இனி, லைசன்ஸ் தவறிப்போவதற்கு முக்கிய காரணமான தவறுக்கு வருகிறேன். பதிப்பு மாறிப்போவது. ஒரு உதாரணம். உயர்தரம் படிக்கும் பிள்ளையின் லப்டொப். வாங்கும்போது அதில் இருந்தது வின்டோஸ் 10 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ். எங்கள் நாட்டுக்கு வரும் லப்டொப்களில் இந்தப் பதிப்பு அடிக்கடி காணப்படும். கடையில் இருந்த பென்டிரைவில் ப்ரோ மட்டுமே இருந்தது. அதுவும் யாரோ வெட்டி ஒட்டித் தயாரித்தது. ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் கீயால் ப்ரோவை அக்டிவேற் பண்ண முடியாது. "இதில கீ இல்லை" என்று முடிவெடுத்துக் கிராக்கைப் போட்டுவிட்டார்கள். கீ இல்லாமல் இல்லை, பதிப்புத்தான் பிழை. இதைச் சரிசெய்வது கடினமான வேலையும் இல்லை. மைக்ரோசொஃப்டின் சொந்தத் தளத்தில் இருந்து இறக்கிய வின்டோஸைப் பென்டிரைவில் போட்டு மெஷினைத் தொடக்கினால், இன்ஸ்டோலர் பயோஸில் உள்ள கீயைத் தானே வாசித்து, எந்தப் பதிப்பு என்று கேட்காமலே சரியானதைப் போடும். கீயைக் கேட்கும் பெட்டிகூட வராது. போன் ஹொட்ஸ்பொட்டைக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் அக்டிவேஷன் பக்கத்தில் டிஜிட்டல் லைசன்ஸ் என்று வந்துவிடும்.

ப்ரோ பெரிது, ஹோம் சின்னது என்ற எண்ணம்தான் இதற்குப் பின்னால் இருக்கிறது. வீட்டுப் பாவனைக்கும் படிப்புக்கும் ஹோம் தாராளமாகக் காணும்.

நிறுவனங்கள் கழித்த டெஸ்க்டொப்களை வாங்கியவர்களுக்கு இதே சிக்கல் மறுபக்கமாக வரும். டெல், எச்.பி., லெனோவோ ஒஃபிஸ் மெஷின்களின் பயோஸில் பெரும்பாலும் ப்ரோ கீதான் இருக்கும். அதில் பெரிய நிறுவனங்களுக்கான என்டர்பிரைஸ் பதிப்பைப் போட்டால் அக்டிவேற் ஆகாது. ப்ரோவைப் போடுங்கள்.

பயோஸில் கீ இல்லாமல் டிஜிட்டல் லைசன்ஸ் மட்டும் உள்ள மெஷினில், இன்ஸ்டோல் பண்ணும்போது கீ கேட்கும். அங்கே பதறி, கூகுளில் தேடிக் கிடைத்த கீயை அடிக்கிறார்கள். வேண்டாம். "என்னிடம் கீ இல்லை" என்ற தெரிவு அதற்குக் கீழேயே இருக்கிறது. அதை அழுத்திவிட்டு முன்பிருந்த அதே பதிப்பைத் தெரிவுசெய்யுங்கள், போதும். இன்ரர்நெற்றில் பரவலாகக் கிடக்கும் பொதுக் கீகள் இன்ஸ்டோல் பண்ண மட்டுமே உதவும். அவற்றால் எந்த மெஷினுக்கும் லைசன்ஸ் கிடைக்காது. பழைய கீயைக் காட்டும் சின்ன மென்பொருட்களும் பல நேரம் அந்தப் பொதுக் கீயைத்தான் காட்டும். அதைக் கொப்பியில் எழுதி வைத்துப் பயனில்லை.

எல்லாம் சரியாகப் போட்ட பிறகும் அக்டிவேற் ஆகவில்லை என்றால், லைசன்ஸைச் சந்தேகிக்க முன் கடிகாரத்தைப் பாருங்கள். நாளும் நேரமும் பிழையாக இருந்தால் சேர்வரோடு பாதுகாப்பான தொடர்பு ஏற்படாது, அக்டிவேஷன் நடக்காது. பாடசாலைகளிலும் கணினி நிலையங்களிலும் உள்ள பழைய டெஸ்க்டொப்களில் இது அடிக்கடி நடக்கும். மதர்போர்டில் நாணயம் அளவில் ஒரு பற்றரி இருக்கும், 2032 என்று அதன்மேல் எழுதியிருக்கும். அது இறந்துவிட்டால் கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் மெஷின் பழைய ஆண்டுக்குப் போய்விடும். பற்றரியை மாற்றி, நேர வலயத்தில் ஸ்ரீ ஜயவர்த்தனபுர என்று உள்ள 5.30ஐத் தெரிவுசெய்து, திரும்ப முயலுங்கள். பற்றரி விலை மிகக் குறைவு. கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

அடுத்தது வைஃபை. புதிதாகப் போட்ட வின்டோஸில் சில நேரம் வைஃபையை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் இருக்காது. வின்டோஸ் 11 ஹோம், இன்ரர்நெற் இல்லாமல் தொடக்கத் திரையைத் தாண்டவே விடாது. உங்கள் போனை டேட்டா கேபிளால் லப்டொப்பில் செருகி, போன் செட்டிங்ஸில், போனின் இன்ரர்நெற்றைக் கேபிள் வழியாகக் கொடுக்கும் யூ.எஸ்.பி. டெதரிங்கைப் போடுங்கள். பெரும்பாலான அன்ட்ரொயிட் போன்களுக்குத் தனியாக டிரைவர் தேவைப்படாது. அக்டிவேஷனுக்குத் தேவையான டேட்டா மிகச் சொற்பம். ஆனால் பின்னால் வரும் அப்டேற்றுகள் கார்டில் உள்ள டேட்டாவை எல்லாம் குடித்துவிடும். இணைப்பை மீற்றேர்ட், அதாவது டேட்டா அளவோடு பாவிக்க வேண்டிய இணைப்பு, என்று குறித்துவிட்டு வேலையைத் தொடருங்கள்.

வன்னியில் ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் மதர்போர்ட் எரிவது பலர் கண்ட விஷயம். போர்ட் மாறினால் மைக்ரோசொஃப்டின் பார்வையில் அது வேறு மெஷின். இங்கே லைசன்ஸ் எந்த வகை என்பதுதான் முடிவு செய்யும். மெஷினோடு வந்த லைசன்ஸ் அந்த மெஷினுக்கே உரியது. உதிரியாக வாங்கிய வேறு போர்டுக்கு அதைக் கொண்டுபோகும் உரிமை பொதுவாக இல்லை. தனியாகக் கடையில் வாங்கிய சில்லறை லைசன்ஸ் என்றால் மாற்றலாம், ஒரு நேரத்தில் ஒரு மெஷினில் மட்டும். வாங்கிய கீ கையில் இல்லையென்றால், அதற்கு முற்கூட்டியே உங்கள் மைக்ரோசொஃப்ட் எக்கவுண்டோடு லைசன்ஸை இணைத்திருக்க வேண்டும். அப்படி இணைத்திருந்தால், புதிய போர்டில் வின்டோஸைப் போட்டு அதே எக்கவுண்டால் உள்ளே போய், அக்டிவேஷன் பக்கத்தின் பிழைதிருத்தியில் "அண்மையில் வன்பொருளை மாற்றினேன்" என்ற தெரிவை அழுத்தலாம். போர்ட் எரிந்த பிறகு இணைக்க முடியாது. வாரன்டி இருந்தால் லப்டொப் கம்பனியின் சேர்விஸ் சென்டரிலேயே போர்டை மாற்றுங்கள். பயோஸில் கீயை எழுதித்தரும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருந்து மாமாவோ சித்தியோ அனுப்பிய லப்டொப் பற்றியும் சொல்லவேண்டும். பாரிஸில் வாங்கியது பிரெஞ்சில் இருக்கும், சூரிச்சில் வாங்கியது ஜேர்மனில் இருக்கும். மொழி விளங்கவில்லை என்பதற்காக லைசன்ஸ் இங்கே செல்லாது என்று நினைக்கவேண்டாம். பயோஸில் உள்ள ஹோம் கீக்கு மொழி தடையில்லை. ஆங்கில வின்டோஸைச் சுத்தமாகப் போட்டாலும் அக்டிவேற் ஆகும். ஆனால் அது அவர்களின் வேலைத்தலத்தில் கழித்துக் கொடுத்த லப்டொப் என்றால் கவனம். எத்தனை தரம் ஃபோர்மற் அடித்தாலும், இன்ரர்நெற் கொடுத்ததும் அந்தக் கம்பனியின் பெயரோடு லொகின் கேட்டு நிற்கும். மெஷினின் அடையாளம் கம்பனியின் பட்டியலில் இருந்து நீக்கப்படவில்லை என்பதே காரணம். இங்கே எந்தக் கடையாலும் அதை முறையாகத் தீர்க்க முடியாது. அனுப்பியவர்தான் தன் கம்பனியின் ஐ.டி. பிரிவிடம் சொல்லி நீக்கிக்கொடுக்க வேண்டும். லப்டொப்பைப் பெட்டியில் கட்டும் முன்னரே கேட்டுவிடுங்கள்.

கிராக்கைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். அதில் ஒரு முக்கிய வகை, பெரிய நிறுவனங்களுக்கென்று உள்ள அக்டிவேஷன் முறையைப் போலியாக நடிக்கிறது. அந்த முறையில் ஒரு அக்டிவேஷன் 180 நாள்தான் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். அதனால் அந்தப் போலிப் புரோகிராம் உங்கள் மெஷினில் நிரந்தரமாகக் குடியிருக்கும். அதைப் போடுவதற்கு வின்டோஸின் சொந்த வைரஸ் காவலையும் நிறுத்தச் சொல்வார்கள். அதே மெஷினில்தான் நீங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கிறீர்கள், பிள்ளையின் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்புகிறீர்கள். சட்டப்படியும் அது குற்றம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் பாதுகாக்கிறது. முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் அற்ப விலைக்கு விற்கும் கீகளையும் நம்பாதீர்கள். அவற்றில் பல நிறுவனங்களின் கூட்டு லைசன்ஸில் இருந்து கசிந்தவை. இன்று வேலை செய்யும், மைக்ரோசொஃப்ட் முடக்கும் நாளில் நின்றுவிடும்.

"நாளைக்கு அசைன்மென்ட் குடுக்கவேணும், என்ன செய்யிறது?" என்று கேட்பவர்களுக்கு: அக்டிவேற் ஆகாத வின்டோஸும் ஓடும். வலது கீழ்மூலையில் ஒரு மங்கலான எழுத்து நிற்கும், திரையின் பின்னணிப் படத்தையும் நிறங்களையும் செட்டிங்ஸில் மாற்ற விடாது. எழுதலாம், அச்சடிக்கலாம், இன்ரர்நெற் பார்க்கலாம். ஆறுதலாக, முறையாக லைசன்ஸைத் தேட நேரம் இருக்கிறது.

பழைய மெஷின்களுக்கு ஒரு குறிப்பு. வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. உங்கள் மெஷின் 11ஐ ஏற்கும் என்றால் 10இன் லைசன்ஸே அதே பதிப்பில் செல்லும், புதிதாக வாங்க வேண்டாம். அடியில் வின்டோஸ் 7 ஸ்டிக்கர் ஒட்டிய மெஷின்களில் அந்தக் கீயை வைத்து 10ஐ அக்டிவேற் பண்ணும் வழியை மைக்ரோசொஃப்ட் 2023இல் மூடிவிட்டது. முன்பே ஒருமுறை 10க்கு மாறி அக்டிவேற் ஆன மெஷின் என்றால் மட்டும் பழைய டிஜிட்டல் லைசன்ஸ் கைகொடுக்கும். இரண்டும் இல்லையென்றால் வின்டோஸுக்குப் பதிலாக உபுண்டு, லினக்ஸ் மின்ற் போன்ற இலவச இயங்குதளங்களைப் போடுங்கள். காசில்லை, களவுமில்லை.

கடையில் கொடுக்கும்போது வாயால் சொல்லிக் கொடுங்கள்: "தம்பி, இதில பயோஸ் கீ இருக்கு. ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்தான் போடுங்கோ, கிராக் வேண்டாம். எடுக்க வரேக்க அக்டிவேஷன் பக்கத்தை ஒருக்காத் திறந்து காட்டுங்கோ." போனில் எடுத்த படத்தையும் காட்டுங்கள். கடை வைத்திருப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். மைக்ரோசொஃப்டின் தளத்தில் இருந்து இறக்கிய வின்டோஸ் ஒன்றை 8 ஜி.பி. பென்டிரைவில் போட்டு வையுங்கள். இரவு நேர டேட்டாவில் ஒருக்கா இறக்கினால், ஹோம், சிங்கிள் லாங்குவேஜ், ப்ரோ மூன்றும் அந்த ஒரே பென்டிரைவில் இருக்கும். முறையாகப் போட்டு, டிரைவர் தேடி, அக்டிவேற் ஆனதைக் காட்டித் தரும் கடைக்காரர் கொஞ்சம் கூடக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள்.