ஒரு புள்ளி வெளிச்சத்தை வைத்து ஒரு கரிய சிறுகோளை அளப்பது எப்படி?

சூரியனிலிருந்து பூமி இருக்கும் தொலைவைப் போல மூன்றரை மடங்கு தொலைவில், சிறுகோள் பட்டையின் வெளிவிளிம்பில், சில்வியா என்றொரு கரிய சிறுகோள் சுற்றி வருகிறது. அதன் வரிசை எண் 87. வீட்டில் எவ்வளவு நல்ல தொலைநோக்கி வைத்திருந்தாலும் அது வெறும் ஒளிப்புள்ளியாகத்தான் தெரியும். ஆனாலும் அதன் அகலம் எவ்வளவு, எடை எவ்வளவு, உள்ளே கெட்டிப் பாறையா அல்லது பொந்தும் பொடியுமா என்பது வரை ஒரு கால்குலேட்டரை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பள்ளிக் கணக்கு போதும். இந்தப் பதிவில் அதைத்தான் படிப்படியாகச் செய்யப்போகிறோம்.

ஆயிரக்கணக்கான கரிய சிறுகோள்கள் இருக்க, நான் சில்வியாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அது சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது. 1866ஆம் ஆண்டு மே 16ஆம் தேதி, கத்திரி வெயில் காலத்து இரவொன்றில், நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்திலிருந்து நார்மன் ராபர்ட் போக்சன் அதைக் கண்டார். நட்சத்திரங்களின் பொலிவை எண்களில் சொல்ல இன்று உலகமே பயன்படுத்தும் அளவுகோலை 1856இல் முன்மொழிந்தவரும் அவர்தான். நாம் போடப்போகும் முதல் கணக்கே அவருடைய அளவுகோலில்தான் தொடங்குகிறது. நுங்கம்பாக்கம் வழியாகத் தினமும் போய்வரும் எத்தனையோ பேருக்கு இது தெரியாது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தேவையானவை: வர்க்கமூலமும் 10இன் அடுக்குகளும் போடக்கூடிய கால்குலேட்டர் (கைபேசியைப் படுக்கவைத்துப் பிடித்தால் பெரும்பாலானவற்றில் இந்தப் பொத்தான்கள் தோன்றும்), ஒரு தாள், இணைய இணைப்பு. தொலைநோக்கி கடைசிப் படிக்கு மட்டும்தான்.

படி 1: எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்

நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் நடத்தும் 'ஸ்மால் பாடி டேட்டாபேஸ்' என்ற தளத்துக்குச் சென்று, தேடும் இடத்தில் 87 என்று மட்டும் போடுங்கள். நீண்ட பட்டியல் ஒன்று வரும். அதைப் பார்த்து மிரள வேண்டாம். நமக்கு வேண்டியவை இரண்டே இரண்டு: 'ஹெச்' என்ற எழுத்தால் குறிக்கப்படும் தனிப்பொலிவெண், ஆல்பிடோ எனப்படும் எதிரொளித்திறன்.

இந்தப் பதிவில் ஐராஸ் விண்கலம் தந்த அளவீடுகளைப் பயன்படுத்துகிறேன். பொலிவெண் 6.94, எதிரொளித்திறன் 0.0435. உங்கள் திரையில் சற்று மாறுபட்ட எண்கள் இருந்தால் அவற்றை வைத்தும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். விடை எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பதும் இந்தப் பாடத்தின் ஒரு பகுதிதான்.

படி 2: பொலிவெண் என்ன சொல்கிறது?

போக்சனின் அளவுகோலில் எண் கூடக்கூடப் பொலிவு குறையும். ஐந்து எண் வேறுபாடு என்றால் பொலிவில் 100 மடங்கு வேறுபாடு. அப்படியானால் ஓர் எண்ணுக்கு 2.512 மடங்கு.

சிறுகோள் நமக்கு அருகில் வந்தால் பொலியும், விலகினால் மங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை நீக்கிவிட்டு ஒப்பிடுவதற்காக, எல்லாச் சிறுகோள்களையும் சூரியனிலிருந்தும் நம்மிடமிருந்தும் ஒரே தொலைவில், அதாவது ஒரு வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட சராசரித் தொலைவு) தள்ளி, முழு முகமும் வெளிச்சம் பட நிறுத்தியதாகக் கற்பனை செய்கிறார்கள். அப்போது தெரியும் பொலிவே தனிப்பொலிவெண்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, இந்தப் பதிவின் மையமே அதுதான். ஒரு புள்ளி பிரகாசமாக இருப்பதற்கு அது பெரிதாக இருப்பது காரணமாகலாம், வெளுப்பாக இருப்பதும் காரணமாகலாம். பொலிவெண் மட்டும் இருந்தால் இரண்டையும் பிரிக்கவே முடியாது.

படி 3: அகலத்தைக் கணக்கிடுங்கள்

சூத்திரம் இதுதான்:

அகலம் (கி.மீ.) = (1329 ÷ √எதிரொளித்திறன்) × 10^(−பொலிவெண் ÷ 5)

சில்வியாவுக்கு ஒவ்வொன்றாகப் போடுவோம். 0.0435இன் வர்க்கமூலம் 0.2086. 1329ஐ அதால் வகுத்தால் ஏறத்தாழ 6372. அடுத்து 6.94 ÷ 5 = 1.388. அதற்கு முன் கழித்தல் குறி போட்டு 10இன் அடுக்காக்கினால் 0.0409. இரண்டையும் பெருக்கினால் 261 கி.மீ.

கழித்தல் குறியை விட்டுவிட்டால் விடை லட்சத்தைத் தாண்டிவிடும். அப்படி ஒரு எண் வந்தால் முதலில் அந்தக் குறியைத்தான் சரிபார்க்க வேண்டும்.

இப்போது அதே சூத்திரத்தில் அஸ்ட்ரேயா என்ற சிறுகோளைப் போடுங்கள். 1845இல் கண்டுபிடிக்கப்பட்டது, வரிசை எண் 5. பொலிவெண் 6.85, எதிரொளித்திறன் 0.227. விடை 119 கி.மீ. வரும். பொலிவெண்ணில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அகலத்திலோ சில்வியா இரண்டு மடங்குக்கும் மேல், கன அளவில் பத்து மடங்குக்கும் மேல். இத்தனை பெரிய கோள், ஒரு சிறிய கோளுக்குச் சமமான வெளிச்சத்தைத்தான் தருகிறது. காரணம், அதன் மேற்பரப்பு அடுப்புக்கரியைப் போலக் கறுத்தது. மேலே விழும் வெயிலில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது.

பட்டையின் உட்பகுதியில் வெளிர்நிறப் பாறைக்கோள்கள் அதிகம், வெளிப்பகுதியில் கரிமம் மிகுந்த கரிய கோள்கள் அதிகம். கரியதாகவும் இருந்து தொலைவிலும் இருந்தால் இரட்டிப்பு மங்கல். அதனால்தான் வெளிப்பட்டையின் பெரிய கோள்கள் பலவும், அவற்றைவிடச் சிறிய உட்பட்டைக் கோள்களுக்குப் பின்னரே கண்டுபிடிக்கப்பட்டன.

படி 4: கருமையை எப்படி அளந்தார்கள்?

"எதிரொளித்திறனை நீங்களே கொடுத்துவிட்டீர்களே, அது எங்கிருந்து வந்தது?" என்று இந்நேரம் கேட்டிருப்பீர்கள். கேட்டிருக்க வேண்டும்.

விழுங்கிய வெயில் எங்கும் போய்விடாது. அது சிறுகோளைச் சூடாக்கும். சூடான பொருள் அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில், பரப்பும் வெளுப்பும் சேர்ந்து கிடைக்கின்றன. அகச்சிவப்பில், பரப்பும் கருமையும் சேர்ந்து கிடைக்கின்றன. இரண்டு சமன்பாடு, தெரியாதவை இரண்டு. பள்ளியில் போட்ட அதே ஒருங்கமை சமன்பாடுதான். 1983இல் ஏவப்பட்ட ஐராஸ், பின்னர் ஜப்பானின் அகாரி, அமெரிக்காவின் வைஸ் ஆகிய விண்கலங்கள் இப்படித்தான் ஏராளமான சிறுகோள்களின் அகலத்தைக் கணித்தன.

ஆனால் இந்த முறை சிறுகோளை உருண்டையாக எடுத்துக்கொள்கிறது. சில்வியா உருண்டை அல்ல. நீளவாக்கில் ஏறத்தாழ 360 கி.மீ., குறுகிய பக்கம் 190 கி.மீ. அளவு. 5 மணி 11 நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது. எந்தப் பக்கம் நம்மைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்துப் பொலிவும் மாறிக்கொண்டே இருக்கும். பெரிய தொலைநோக்கிகளில் நேரடியாகப் படம் எடுத்து, வடிவத்தையும் கணக்கில் சேர்த்துச் செய்த 2021ஆம் ஆண்டு ஆய்வு, சராசரி அகலம் 271 கி.மீ. என்கிறது. நமது 261 அதற்கு எவ்வளவு அருகில் வந்திருக்கிறது பாருங்கள். எதிரொளித்திறனை 0.04 என்று மாற்றிப் போட்டால் 272 வரும்.

படி 5: எடை போடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது.

போக்சன் கண்டுபிடித்து 135 ஆண்டுகள் கழித்து, 2001இல், ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியில் சில்வியாவுக்கு ஒரு நிலா இருப்பது தெரிந்தது. சிலியில் உள்ள விஎல்டி தொலைநோக்கியில் 2004இல் எடுத்த படங்களில் இன்னொரு நிலாவும் சிக்கியது. இரண்டு நிலாக்கள் உள்ளதாக அறியப்பட்ட முதல் சிறுகோள் சில்வியாதான். வெளி நிலாவுக்கு ரோமுலஸ், உள் நிலாவுக்கு ரெமஸ் என்று பெயர்.

நிலா இருந்தால் தராசு கையில் இருப்பதாகவே அர்த்தம். கெப்ளரின் மூன்றாம் விதியை நியூட்டன் விரிவாக்கிய வடிவம் நமக்கு வேண்டும். பெரிய மாறிலிகளைப் போட்டுத் திணற வேண்டியதில்லை. நம் பூமியையும் நிலாவையும் அளவுகோலாக வைத்துக்கொண்டால் சுலபமாக முடிந்துவிடும்:

எடை (பூமியின் பங்கில்) = (தொலைவு விகிதம்)³ ÷ (கால விகிதம்)²

ரோமுலஸ் சில்வியாவிலிருந்து ஏறத்தாழ 1356 கி.மீ. தொலைவில், 3.65 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. நம் நிலா 3,84,400 கி.மீ. தொலைவில் 27.32 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது.

தொலைவு விகிதம்: 1356 ÷ 384400 = 0.003528. அதன் கனம் 4.39 × 10⁻⁸.
கால விகிதம்: 3.65 ÷ 27.32 = 0.1336. அதன் வர்க்கம் 0.01785.
வகுத்தால்: 2.46 × 10⁻⁶.

பூமியின் எடையில் ஏறத்தாழ நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. பூமியின் எடை 5.97 × 10²⁴ கிலோ என்பதால், சில்வியாவின் எடை 1.47 × 10¹⁹ கிலோ. ஆய்விதழ்களில் வந்த எண்களுக்கு மிக அருகில் வந்துவிட்டோம்.

படி 6: உள்ளே என்ன இருக்கிறது?

எடையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி. அகலத்தை மும்முறை பெருக்கி 0.5236ஆல் பெருக்கினால் உருண்டையின் கன அளவு கிடைக்கும். 271க்கு அது 1 கோடியே 4 லட்சம் கன கி.மீ. எடையை இதால் வகுத்தால் ஒரு கன கிலோமீட்டருக்கு 1.41 × 10¹² கிலோ. ஒரு கன கிலோமீட்டர் தண்ணீரின் எடை 10¹² கிலோ. ஆக, சில்வியாவின் அடர்த்தி தண்ணீரைப் போல 1.4 மடங்குதான்.

கருங்கல்லின் அடர்த்தி 2.7 அளவில் இருக்கும். அதில் பாதிதான் இங்கே இருக்கிறது. எனவே சில்வியா ஒரே கெட்டிப் பாறையாக இருக்க வழியில்லை. உள்ளே வெற்றிடங்கள் இருக்க வேண்டும், அல்லது பனிக்கட்டி கலந்திருக்க வேண்டும், அல்லது இரண்டும். பழைய மோதல் ஒன்றில் உடைந்த துண்டுகள் மீண்டும் சேர்ந்து குவிந்த கற்குவியல் என்ற கருத்தும், அந்த மோதலில் சிதறியவற்றிலிருந்தே நிலாக்கள் உருவாகின என்ற கருத்தும் இதிலிருந்து எழுந்தவை.

இங்கே கொஞ்சம் நின்று, 271க்குப் பதிலாக 261 போட்டுப் பாருங்கள். அடர்த்தி 1.58 ஆகிவிடும். அகலத்தில் 4 சதவீதம் குறைந்ததற்கு அடர்த்தி 12 சதவீதம் ஏறுகிறது, ஏனென்றால் அகலம் மும்முறை பெருக்கப்படுகிறது. ஒரு சிறுகோளின் அடர்த்தியை எங்காவது படித்தால், அகலத்தை எந்த முறையில் அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

படி 7: வானத்தில் பாருங்கள்

சூரியனுக்கு நேர் எதிரே சில்வியா வரும் எதிர்நிலைக் காலம்தான் பார்க்க ஏற்றது. சுமார் 14 மாதங்களுக்கு ஒருமுறை அது அமையும். அப்போது எவ்வளவு பொலியும் என்பதையும் நீங்களே கணக்கிடலாம்: தனிப்பொலிவெண் + 5 × லாக்(சூரியனிலிருந்து தொலைவு × பூமியிலிருந்து தொலைவு), தொலைவுகள் வானியல் அலகில். சராசரியாக 3.48, 2.48 என்று போட்டால் 11.6 வரும். பாதை சற்று நீள்வட்டம் என்பதால் நல்ல ஆண்டில் 11ஐ ஒட்டியும், மோசமான ஆண்டில் 12ஐ ஒட்டியும் இருக்கும்.

இதற்குப் பைனாகுலர் போதாது. 8 அங்குலத் தொலைநோக்கியும், ஊர் வெளிச்சம் எட்டாத இடமும் வேண்டும். ஸ்டெல்லேரியம் மென்பொருளில் சிறுகோளின் இடத்தைத் தேடி, சுற்றியுள்ள நட்சத்திரங்களுடன் படத்தை அச்சிட்டுக்கொள்ளுங்கள். தொலைநோக்கியில் தெரியும் புள்ளிகளைத் தாளில் வரையுங்கள். மறுநாள் இரவு அதே இடத்தை மீண்டும் வரையுங்கள். எதிர்நிலையின்போது சில்வியா ஒரு நாளில், முழுநிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நகர்ந்திருக்கும். மற்றவை அனைத்தும் அதே இடத்தில் இருக்க, இடம் மாறிய ஒரே புள்ளி அதுதான். தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகையில் எதிர்நிலை வந்தால் மழை விட்ட இரவுகளை நம்பித்தான் இருக்க வேண்டும். மாசி, பங்குனியில் வந்தால் தவறவிடாதீர்கள்.

ஒரு பயிற்சி

கமில்லா, வரிசை எண் 107. இதையும் போக்சன் 1868இல் சென்னையிலிருந்தே கண்டுபிடித்தார். இதுவும் வெளிப்பட்டையின் கரிய கோள், இதற்கும் நிலா உண்டு. பொலிவெண் 7.08, எதிரொளித்திறன் 0.0525. பெரிய நிலா 1248 கி.மீ. தொலைவில் 3.71 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது.

அகலம் 223 கி.மீ. என்றும் எடை 1.1 × 10¹⁹ கிலோ என்றும் உங்களுக்கு வர வேண்டும். அடர்த்தி 1.9 ஆகும். பிறகு, வடிவத்தையும் கணக்கில் சேர்த்துப் பின்னாளில் பெற்ற 254 கி.மீ. என்ற அகலத்தைப் போடுங்கள். அடர்த்தி 1.3க்கு இறங்கிவிடும், சில்வியாவின் பக்கத்திலேயே வந்து நிற்கும்.