ஜேஎல்பிடி எழுதப் போறீங்களா? மொத்த மார்க்க மட்டும் பாக்காதீங்க

ஜப்பானீஸ் படிக்கிறவங்க பெரும்பாலும் எழுதுறது ஜேஎல்பிடி தான், அதாவது ஜப்பானிய மொழித் திறன் தேர்வு. அதுல அஞ்சு லெவல், என்5 அடிமட்டம், என்1 உச்சி. ஜூலை முதல் ஞாயிறு, டிசம்பர் முதல் ஞாயிறுன்னு வருஷத்துக்கு ரெண்டு தடவ நடக்குது (சில ஊர்ல ஒரு தடவ தான்), சென்னையிலயும் சென்டர் இருக்கு. அப்ளிகேஷன் மாசக்கணக்குல முன்னாடியே மூடிடும், அதனால முதல்ல அந்தத் தேதிய பாத்து வெச்சுக்கோங்க.

எந்த லெவல்? கீழ்ல இருந்து ஒவ்வொண்ணா ஏறணும்னு ரூல் எதுவும் இல்ல, நேரா என்3 கூட எழுதலாம். அஃபிஷியல் சைட்ல மாதிரி கேள்விங்க ஆடியோவோட ஃப்ரீயா இருக்கு, அத எடுத்து கடிகாரம் வெச்சு போட்டுப் பாருங்க, கோச்சிங் சென்டர்ல சொல்றத விட அது சரியா சொல்லும். ஜப்பானோட ஸ்பெசிஃபைடு ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்குப் போறவங்களுக்கு பெரும்பாலான வேலைங்களுக்கு மொழி பக்கம் என்4 இருந்தா போதும், இல்லன்னா கம்ப்யூட்டர்ல எழுதுற ஜேஎஃப்டி பேசிக்னு இன்னொரு மொழிப் பரீட்சை இருக்கு, அதுல 250க்கு 200 எடுக்கணும்.

இப்ப மார்க் விஷயம், நிறைய பேரு இங்க தான் சறுக்குறாங்க. மொத்தம் 180. பாஸ் மார்க் என்5க்கு 80, என்4க்கு 90, என்3க்கு 95, என்2க்கு 90, என்1க்கு 100. பாத்தா சுலபமா தெரியும், ஆனா ஒவ்வொரு செக்ஷன்லயும் தனியா ஒரு மினிமம் இருக்கு. என்5, என்4ல எழுத்து-வார்த்தை, இலக்கணம், ரீடிங் எல்லாம் சேத்து 120க்கு 38, லிசனிங் 60க்கு 19. என்3ல இருந்து மேல மூணு செக்ஷன், ஒவ்வொண்ணும் 60, ஒவ்வொண்ணுலயும் 19 வேணும். அதாவது என்5ல ஒருத்தர் 120க்கு 100 வாங்கிட்டு லிசனிங்ல 17 எடுத்தா மொத்தம் 117 வந்தும் ஃபெயில் தான். நம்ம ஆளுங்க கான்ஜிய (ஜப்பானீஸ்ல வர்ற சீன எழுத்துங்க) மாஞ்சு மாஞ்சு எழுதிப் பாப்பாங்க, காதுக்கு மட்டும் வேலையே குடுக்க மாட்டாங்க.

லிசனிங்ல ஆடியோ ஒரு தடவ தான் ஓடும். அதுல ஒரு பகுதி, ஒருத்தர் ஒரு வரி சொல்வாரு, அதுக்கு மூணு பதில் வரும், பேப்பர்ல ஒண்ணுமே அச்சாகி இருக்காது. முதல் பதில் சரியா தப்பான்னு யோசிச்சிட்டே இருந்தா மூணாவது காதுலயே விழாது, அப்புறம் அடுத்த கேள்வியும் போயிடும். தெரியலன்னா ஏதோ ஒண்ண ஷேட் பண்ணிட்டு நகருங்க, நெகட்டிவ் மார்க் கிடையாது.

இலக்கணத்துல நட்சத்திரக் கேள்வி ஒண்ணு வரும், நாலு துண்டு, நாலு கோடு, வாக்கியத்த அடுக்கி நட்சத்திரம் இருக்கிற இடத்துல எந்தத் துண்டு வருதோ அத மட்டும் ஷேட் பண்ணணும். இத இங்கிலீஷ்ல மாத்தி யோசிக்கவே யோசிக்காதீங்க, வினை கடைசில வர்றதும் உருபு பேருக்குப் பின்னாடி ஒட்டுறதும் நமக்கும் அவங்களுக்கும் ஒண்ணு தான், தமிழ்லயே அடுக்குனா பாதி தானா உக்காந்துடும்.

என்2ல எழுத்து, இலக்கணம், ரீடிங் மூணும் ஒரே மூச்சா 105 நிமிஷம். ரீடிங் கடைசில இருக்கும். முன்னாடி இருக்கிற சின்னக் கேள்விங்கள முப்பத்தஞ்சு, நாப்பது நிமிஷத்துக்குள்ள முடிக்கப் பழகுங்க, இல்லன்னா பெரிய பத்தி வர்றப்ப டைம் இருக்காது. ஷேட் பண்றதும் அப்பப்பவே, கடைசில சேத்துப் பண்ணிக்கலாம்னு விட்டா அதுக்குன்னு தனி டைம் தர மாட்டாங்க.

பரீட்சை அன்னிக்கு ஹால் டிக்கெட், ஐடி, ஹெச்பி பென்சில், ரப்பர், சாதா வாட்ச். ஸ்மார்ட் வாட்ச் வேண்டாம், ஃபோன் சுத்தமா ஆஃப்.

ஒண்ணு, இதுல பேசுறதும் சொந்தமா எழுதுறதும் கிடையாது, எல்லாமே சூஸ் பண்றது தான். அதனால என்2 கையில இருந்தாலும் இன்டர்வியூக்கு வாயத் தனியா பழக்கணும்.

ஜூலை ரிசல்ட் ஆகஸ்ட் கடைசி வாக்குல, டிசம்பர் ரிசல்ட் ஜனவரி கடைசி வாக்குல வரும். பாஸ் ஆகலன்னாலும் செக்ஷன் வாரியா மார்க் தெரியும், அடுத்த தடவைக்கு எதுல உக்காரணும்னு அதப் பாத்து முடிவு பண்ணிக்கலாம்.