கிணற்றைச் சோதிக்காமல் பெட்டி வாங்காதீர்கள்: திருகோணமலையில் மண்ணில்லாப் பயிர்ச்செய்கை

திருகோணமலையில் மாதர் சங்கங்களுக்கும் பாடசாலைகளுக்கும் மண்ணில்லாப் பயிர்ச்செய்கையை, அதாவது மூடிய பெட்டியில் உரம் கரைத்த நீரில் செடி வளர்ப்பதை, அறிமுகப்படுத்தும் அமைப்புகள் ஒரே குழிகளில் திரும்பத் திரும்ப விழுகின்றன. விதையை ஆழமாகப் போட்டது, பெட்டி ஒழுகியது போன்றவை முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும், திருத்திவிடலாம். பயனாளிகள் வெறுத்துப்போய்ப் பெட்டியைக் கவிழ்த்து வைத்த பிறகு தெரியவரும் தவறுகளே இங்கே பேச வேண்டியவை.

தை மாதத்தில் கிணற்று நீரைச் சோதிப்பது, அல்லது சோதிக்காமலே விடுவது

அதிகம் செலவு வைப்பதும் எளிதில் தடுக்கக்கூடியதும் இதுதான். நிலாவெளி, குச்சவெளி, மூதூர், கிண்ணியா போன்ற கரையோரங்களில் நிலத்தடி நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. வடகீழ்ப் பருவமழை முடிந்ததும் அந்தப் படை தடித்திருக்கும், தண்ணீர் இனிக்கும். திட்டம் எழுதுகிறவர்கள் அப்போதுதான் வந்து பார்க்கிறார்கள். கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணியில் அதே கிணறு உவர்த்துவிடும். மோட்டார் போட்டு இறைத்தால் இன்னும் விரைவாக உவர்க்கும்.

நீரில் கரைந்திருக்கும் உப்பையும் உரத்தையும் சேர்த்து மின்கடத்தலால் அளக்கும் ஈ.சி. மீற்றர் இதை மறைத்துவிடுகிறது. சலாதுக்கு மீற்றரில் 1.6 மில்லிசீமன்ஸ் வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். கிணற்று நீரே 0.9 காட்டினால், 0.7 அளவுக்கு மட்டும் அல்பேர்ட் என்ற நீரில் கரையும் உரம் சேர்த்ததும் மீற்றர் 1.6 காட்டும். எண் சரி, ஆனால் செடிக்குக் கிடைப்பது பாதிக்கும் குறைந்த ஊட்டம். மீதியில் பெரும்பகுதி சோடியமும் குளோரைட்டும். செடி தண்ணீரைக் குடிக்கும், அந்த உப்பில் பெரும்பகுதியை விட்டுவிடும். 40 லீற்றர் பெட்டிக்குப் பயிர்க்காலத்தில் அதே கிணற்று நீரை இன்னொரு 40 லீற்றர் ஊற்றினால், கிணற்று உப்பு மட்டுமே கிட்டத்தட்ட 1.8க்கு ஏறிவிடும். சலாது உப்பைத் தாங்காத பயிர். இலை விளிம்பு கருகும், நடுப்பகலில் செடி வாடும். "உரம் போதவில்லை" என்று நினைத்து வெளிக்கள உத்தியோகத்தர் இன்னும் ஒரு கரண்டி போடச் சொல்வார். அத்தோடு அந்தப் பெட்டி முடிந்தது. பெண்களோ தங்கள் கைராசியைக் குறை சொல்லிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை.

செய்ய வேண்டியது இது. ஆவணி, புரட்டாதியில், மழை தொடங்குமுன் ஒவ்வொரு கிணற்றையும் அளந்து பாருங்கள். 0.4க்குக் கீழே இருந்தால் அப்படியே பாவிக்கலாம். 0.4 முதல் 0.9 வரை என்றால் மழைநீர் கலக்க வேண்டும். 0.9 நீர் ஒரு பங்கும் மழைநீர் இரண்டு பங்கும் சேர்ந்தால் சுமார் 0.33க்கு இறங்கும். கிணற்று நீர் 0.9க்கு மேல் போனால் அந்தக் கிணற்றைச் சலாதுக்குத் தொடாதீர்கள். சந்தேகமிருந்தால் ஆய்வுகூடத்தில் சோடியத்தைப் பாருங்கள், லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. பத்துப் பெட்டிக்கு ஒரு போகத்துக்கு முதல் நிரப்பலுக்கும் மேல் ஊற்றுவதற்குமாக ஏறக்குறைய 800 லீற்றர் வேண்டும். 40 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தாலே, சிந்தியது போக 1,600 லீற்றர் பிடிக்கலாம். மாரியில் நிரப்பிய இரண்டு 2,000 லீற்றர் தாங்கிகள், கிணற்று நீரோடு கலக்கும்போது ஏழு போகத்துக்கு வரும். பெயர்ப்பலகைக்கு ஒதுக்கும் பணத்தில் நல்ல மீற்றர் ஒன்றும், அதைச் சரிபார்க்க 1.413 அளவுதிருத்தக் கரைசலும் வாங்கிவிடுங்கள்.

ஹொட்டேலை நம்பிச் சலாது மட்டும் நடுவது

உப்புவெளி, நிலாவெளி ஹொட்டேல்கள் சலாது கேட்பது சித்திரை முதல் புரட்டாதி வரை. வெயிலும் உவரும் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். கரைசல் 28 பாகை செல்சியசைத் தாண்டினால் அதில் ஒட்சிசன் குறையும், வேர் பழுப்பாகி அழுகும், இலை கசக்கும். அந்த மாதங்களில் கங்குனும் பொன்னாங்காணியும் வையுங்கள். விற்காமல் போனாலும் வீட்டில் சுண்டிச் சாப்பிடுவார்கள். கீரை இரும்புச்சத்தும் விற்றமின் ஏயும் தரும், வயிற்றை நிரப்பாது. ஆகவே உலர் உணவு உதவியை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்காதீர்கள்.

முழுக்க விளக்கில் வளர்ப்பது

ஒரு பெட்டிக்கு 40 வோட் எல்.ஈ.டி., நாளுக்கு 14 மணித்தியாலம் என்றால் பத்துப் பெட்டிக்கு மாதம் 168 யூனிட். வீட்டுப் பாவனையோடு சேர்ந்தால் கரண்ட் பில் கூடிய கட்டண அடுக்குக்குப் போய்விடும். திட்டக்காலம் முடிந்ததும் அதைக் கட்டுவது யார்? நாற்றை முதல் இரண்டு வாரம் மட்டும் விளக்கின் கீழ் உள்ளே வையுங்கள். பிறகு காற்றோட்டமான விறாந்தையில் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழ் மாற்றுங்கள். தகரக் கூரை அறை வேண்டாம்.

பம்பு வைத்த குழாய் முறை

பம்பு கரைசலைக் குழாய்களில் ஓடவிடும் இந்த முறையில், கரண்ட் நின்றால் மதிய வெயிலில் சில மணித்தியாலத்திலேயே வேர் காய்ந்துவிடும். முதலாவது தொகுதிக்கு வேண்டாம்.

கரைசலை விளிம்புவரை மீள நிரப்புவது

பெட்டியில் கரைசலை அசையாமல் வைக்கும், பம்பில்லாத கிராட்கி முறையில், நடும்போது மூடித் துளையில் செடியைத் தாங்கும் கப்பின் அடி ஒரு சென்ரிமீற்றர் நனைந்தால் போதும். நீர் இறங்க இறங்க, மேலே தொங்கும் வேர்கள் காற்றில் மூச்சுவிடப் பழகிக்கொள்ளும். திரும்ப மூடிவரை ஊற்றினால் அவை மூழ்கி, இரண்டு மூன்று நாளில் செடி சரியும். பாதி ஆழத்துக்கு மேல் ஊற்றாதீர்கள். ரெஜிபோம் மீன்பெட்டி பாவித்தால் உள்ளே கறுப்புப் பொலித்தீன் விரியுங்கள். வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும்.

நுளம்பு

அசையாத நீர் நிறைந்த பெட்டியும் தாங்கியும் நுளம்புக்கு நல்ல இடம். 2017இல் டெங்கு கிண்ணியாவை எப்படி வாட்டியது என்று அங்குள்ளவர்களுக்குத் தெரியும். கப்பைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பஞ்சால் அடையுங்கள், வெறும் துளைகளுக்கு ரேப் ஒட்டுங்கள், தாங்கியின் வாயில் நுளம்பு வலை கட்டுங்கள். கிழமைக்கு ஒருமுறை மூடியைத் தூக்கிப் புழு இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பைச் சங்கத்தில் ஒருவரிடம் பெயர் குறித்து ஒப்படையுங்கள்.